கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை



இன்றைய உரையின் விடயம் காது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், உட்காதிலும் செவி நரம்பிலும் உண்டாகும் மின்சாரத்தை அளந்து, ஒருவருடைய காது கேளாமை எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைகள். இதைக் கேட்டதும், ‘இது வைத்தியர்மாருக்கான கதை’ என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். அல்பெர்கேரியாவிலும் அதைச் சுற்றியும் பிள்ளை வளர்க்கிற எங்கள் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது.

நான் இங்குள்ள வைத்தியசாலைகளில் எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்க்கிற வேலை செய்கிறேன். காதுப் பரிசோதனை அறைகளில் தாய்மார் சொல்ல, நான் இத்தாலிய மொழியில் திருப்பிச் சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு. ‘பிள்ளைக்குக் கேட்குது தங்கச்சி. கதவு அடிபட்டால் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் நாங்கள் சொல்லுறது அவனுக்கு விளங்குதில்லை.’ அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். ‘வீட்டிலே தமிழ், தெருவிலே சிசிலியானோ, அசீலோவிலே இத்தாலியன். மூன்று பாஷையும் சேர்ந்து குழப்புது போல.’

இந்த இரண்டாவது விளக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டு மூன்று மொழிகளின் நடுவே வளர்வதால் எந்தப் பிள்ளையும் ஊமையாவதில்லை. கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழ வளர்ந்து மூன்றையும் பேசுகிறார்கள். இரண்டு வயதாகியும் ஒரு மொழியிலும் சொல் வரவில்லை என்றால், மொழிகளின் மேல் பழி போடுவதற்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டும். அதையும் சரியான பரிசோதனையால் பார்க்க வேண்டும். அது ஏன் என்று விளங்குவதற்குக் காது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பல்லாரோ சந்தையில் மீன்காரர் கூவுகிறார். சிசிலிக்காரர் இந்தக் கூவலை ‘அப்பன்னியாத்தா’ என்பார்கள். அந்தச் சத்தம் காற்றில் வந்து எங்கள் செவிப்பறையில் மோதுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று மூன்று சிறிய எலும்புகள் இருக்கின்றன. இவற்றில் ஏந்தியுருதான் ஆகச் சிறியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. இதை 1546இல் நாப்போலியில் உடற்கூற்றியல் கற்பிக்கும்போது கண்டு சொன்னவர் ஜொவன்னி பிலிப்போ இங்க்ராசியா என்ற சிசிலிக்காரர். பின்னாளில் அவர் சிசிலியின் தலைமை வைத்தியராக இருந்தார். 1575இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது நகரத்தைக் காக்கப் பாடுபட்டு, 1580இல் இதே நகரத்தில் காலமானார். ஆகவே காதின் கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஏந்தியுரு அசையும்போது அந்த அசைவு உட்காதுக்குள் போகிறது. உட்காதில் நத்தை ஓடு போல ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய் உண்டு. அதை நத்தைச்சுருள் என்போம். அதற்குள் திரவம் நிறைந்திருக்கிறது. அதன் நீளத்துக்கு மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த அமைப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்து 1851இல் விவரித்தவர் அல்ஃபொன்சோ கோர்த்தி என்ற இத்தாலியர். அவருடைய பெயரால்தான் இன்றும் அது அழைக்கப்படுகிறது.

மயிர்க்கலங்களில் இரண்டு சாதி. வெளி மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறக்குறைய 12,000 இருக்கும். அவை மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கின்றன. உள் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 3,500 மட்டுமே. ஆனால் நரம்போடு கதைப்பவை இவைதான். சத்தம் வரும்போது உள் மயிர்க்கலம் ஒரு இரசாயனப் பொருளை வெளிவிடுகிறது. அடுத்திருக்கும் நரம்பு நுனி அதை வாங்கிக்கொண்டு மூளைத்தண்டுக்கு மின்செய்தி அனுப்புகிறது. ஒவ்வொரு காதிலிருந்தும் இப்படி ஏறக்குறைய 30,000 நரம்பிழைகள் போகின்றன.

இந்த வேலை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அதை உட்காது தானே உண்டாக்கிக்கொள்கிறது. நத்தைச்சுருளின் நடுக்குழாயில் இருக்கும் திரவம் எப்போதும் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் இருக்கிறது. நாங்கள் சுவர் மணிக்கூட்டுக்குப் போடும் பற்றரியோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு அளவு. சின்னதாகத் தெரிந்தாலும் உயிருள்ள உடம்பில் இது பெரிய அளவுதான்.

இனிக் காது கேளாமையின் வகைகளுக்கு வருவோம். முதலாவது, சத்தம் உள்ளே போகிற வழியில் தடை. காதுக்குடும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கலாம், பறை கிழிந்திருக்கலாம், எலும்பு இறுகியிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ அறுவைச்சிகிச்சையோ உண்டு. இரண்டாவது, மயிர்க்கலங்கள் அழிந்துபோவது. முதுமை, நீண்டகால இரைச்சல், ஜென்டமைசின் போன்ற சில மருந்துகள், பரம்பரை என்று இதற்குப் பல காரணங்கள். மூன்றாவது, மயிர்க்கலம் நரம்பைச் சந்திக்கிற இடத்திலோ நரம்பிலேயோ வரும் குறைபாடு.

வழக்கமான காதுப் பரிசோதனையில் காதணியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். அது முதலாவது வகையை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டும். ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் அது ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும். உங்கள் கையில் தரும் அறிக்கையில் ‘இப்போஅகூசியா நெயூரோசென்சொரியாலே’ என்று எழுதியிருப்பார்கள். அதன் கருத்து, உட்காதிலோ நரம்பிலோ குறை என்பது. எதில் என்று அந்தச் சொல் சொல்லாது.

எதில் இருந்தால் என்ன, கேட்காதது கேட்காததுதானே என்று நினைக்கலாம். அப்படியில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. சில நேரம் அந்தப் பக்கத்துக் குரல் மெதுவாக வரும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் விளங்கிவிடும். மயிர்க்கலக் குறைபாடு பெரும்பாலும் இப்படியானது. காதுக் கருவி உதவும். இன்னும் சில நேரம் குரல் பலமாகத்தான் வரும், ஆனால் வெட்டி வெட்டி வரும். அப்போது எவ்வளவு சத்தமாக வைத்தாலும் சொல் பிடிபடாது. நரம்புக் குறைபாடு இந்த மாதிரி. நரம்பிழைகள் ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போகாமல் செய்தி அனுப்புவதால் சத்தம் வந்து சேர்கிறது, சொல் சிதறிவிடுகிறது. அமைதியான அறையில் ஓரளவு சமாளிக்கிற பிள்ளை, பல்லாரோ போன்ற இரைச்சலில் ஒன்றும் விளங்காமல் நிற்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய மின்பரிசோதனைகள் தேவை. ‘கரண்ட்’ என்றதும் பயப்படுகிற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையின் தலையில் மின்சாரம் பாய்ச்சப் போகிறார்கள் என்று நினைத்து, கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு. நேயர்களே, இந்தப் பரிசோதனையில் உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. பிள்ளையின் காதும் நரம்பும் தாமே உண்டாக்கும் மின்சாரத்தைக் கருவி வெளியே நின்று கேட்கிறது, அவ்வளவுதான்.

காதுக்குள் உண்மையாகவே மின்சாரம் விட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டாதான் அவர். தன்னுடைய இரண்டு காதுகளிலும் உலோகக் கம்பியை வைத்து மின்கலத்தோடு இணைத்தார். தலையில் ஒரு அதிர்ச்சியும், ஏதோ கெட்டியான பொருள் கொதிப்பது போன்ற சத்தமும் ஏற்பட்டதாக, 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி இங்கிலாந்தின் அரச கழகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். மூளைக்கு ஆபத்து வரலாம் என்று பயந்து அவர் அதைத் திரும்பச் செய்யவில்லை.

மின்சாரத்தை உள்ளே விடாமல், காதிலிருந்து வருவதை வாங்கிக் கேட்டது 1930இல். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வீவர், பிரே என்ற இருவர் ஒரு பூனையின் செவி நரம்பில் கம்பியை வைத்து, அதைப் பெருக்கி வேறொரு அறையில் இருந்த தொலைபேசி ஒலிவாங்கியில் கேட்டார்கள். பூனையின் காதருகே ஒருவர் பேசிய பேச்சு மற்ற அறையில் விளங்கும்படி கேட்டது. அந்த மின்னலையில் பெரும்பகுதி நரம்பிலிருந்து அல்ல, மயிர்க்கலங்களிலிருந்து வருகிறது என்று பிறகு தெரியவந்தது. ஒரு மைக்கைப் போல, வருகிற சத்தத்தை அப்படியே மின்சாரமாக்கித் தருவதால் அதற்கு ‘மைக்ரோபோனிக்’ என்று பெயர் வந்தது. இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்று பலெர்மோவில் பிறக்கும் பிள்ளைக்குச் செய்யப்படும் பரிசோதனைகளைப் பார்ப்போம். 2017 ஜனவரி 12ஆம் திகதியிட்ட அரச ஆணையின்படி, பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் காதுப் பரிசோதனை செய்வது இத்தாலியின் அடிப்படைச் சுகாதார சேவைகளில் ஒன்று. பெற்றோரிடம் சொஜோர்னோ பத்திரம் இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சுகாதார சேவையில் பதிவுசெய்ய அதே ஆணை உரிமை கொடுக்கிறது.

பெரும்பாலும் முதலில் செய்வது ‘ஒத்தோஎமிஸ்ஸியோனி’ என்ற பரிசோதனை. டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர் 1978இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதன் அடிப்படை. காதுக்குள் சத்தம் அனுப்பினால், வெளி மயிர்க்கலங்கள் அசைந்து மிக மெல்லிய ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். சின்ன மைக் ஒன்று அதைப் பிடிக்கிறது. சில நிமிட வேலை. பிள்ளைக்கு நோவில்லை. ஆனால் இது வெளி மயிர்க்கலம் வரைக்கும்தான் பார்க்கிறது. அதற்கு அப்பால் உள் மயிர்க்கலத்திலோ நரம்பிலோ பிழை இருந்தால் இதற்குத் தெரியாது. எதிரொலி நன்றாக வரும், பிள்ளை ‘பாஸ்’ ஆகிவிடும்.

இரண்டாவதுதான் மின்பரிசோதனை. இத்தாலியில் இதை ‘பொத்தென்ட்சியாலி எவொகாத்தி’ அல்லது ‘அ-பி-எர்ரே’ என்பார்கள். சென்னையிலும் கொழும்பிலும் ‘பெரா’ என்றால் விளங்கும். மூன்றும் ஒன்றுதான். நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் மின்வாய் எனப்படும் சின்ன ஒட்டுத்துண்டுகளை ஒட்டி, காதுக்குள் ‘டிக் டிக்’ என்ற சத்தத்தை அனுப்புகிறார்கள். சத்தம் போன முதல் 10 மில்லிசெக்கனுக்குள் நரம்பிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் வரிசையாக அலைகள் எழுகின்றன. ஜூவெட், வில்லிஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971இல் இவற்றை மனிதரில் ஒழுங்காக இலக்கமிட்டு விவரித்தார்கள். முதலாவது அலை செவி நரம்பிலிருந்து வருகிறது. ஐந்தாவது அலை மூளைத்தண்டின் மேற்பகுதியிலிருந்து வருகிறது.

இந்த அலைகள் ஒரு மைக்ரோவோல்ட் அளவும் வராது. மூளையின் மற்ற மின்னோட்டங்கள் இதைப் போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரியவை. பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்? சந்தையை நினைத்துப் பாருங்கள். ஒரு கிழவர் சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரே சொல்லை மெதுவாகச் சொல்கிறார் என்று வையுங்கள். சுற்றிவர உள்ள கூச்சலில் அது அமுங்கிப்போகும். ஆனால் அவர் வாய் திறக்கும் நேரத்தில் ஆயிரம் தடவை ஒலிப்பதிவு செய்து, அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மற்றவர்களின் கூச்சல் ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக இருப்பதால் கரைந்துபோகும். கிழவரின் சொல் மட்டும் மிஞ்சும். கருவியும் அப்படித்தான் ஆயிரம், இரண்டாயிரம் தடவை ‘டிக்’ அனுப்பிச் சராசரி எடுக்கிறது. இதனால்தான் பரிசோதனைக்கு நேரம் எடுக்கிறது. இதனால்தான் பிள்ளை ஆடாமல் நித்திரையாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இனி ஒரு குடும்பத்தின் கதை. பெயரும் வைத்தியசாலையும் வேண்டாம். பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தவன். கடும் செங்கமாரியோடு சில வாரம் இன்கியூபேட்டரில் இருந்தவன். வீட்டுக்கு விடும்போது ஒத்தோஎமிஸ்ஸியோனி செய்து இரண்டு காதும் ‘பாஸ்’ என்று தாள் கொடுத்தார்கள். தாய் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டரை வயதாகியும் ‘அம்மா’ என்ற சொல்லே வரவில்லை. யார் கேட்டாலும் தாய் அந்தத் தாளைத்தான் காட்டினாள். காதில் பிழையில்லை என்று தாள் சொல்கிறதே, அப்படியென்றால் மூன்று பாஷைக் குழப்பம்தான் என்று வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள்.

பிறகு வேறொரு இடத்தில் மின்பரிசோதனை செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு பலமான சத்தம் கொடுத்தும் திரையில் ஐந்தாவது அலையும் இல்லை, முதலாவது அலையும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரு சின்ன நெளிவு மட்டும் இருந்தது. பரிசோதகர் ‘டிக்’ ஒலியின் திசையை மாற்றி அனுப்பினார். அந்த நெளிவு தலைகீழானது. பிறகு சத்தம் வரும் குழாயை விரலால் நசுக்கினார். நெளிவு மறைந்தது. கருவியின் கோளாறாக இருந்தால் குழாயை நசுக்கினாலும் அது அப்படியே இருந்திருக்கும். நரம்பின் அலையாக இருந்தால் தலைகீழாகாது. ஆகவே அது மைக்ரோபோனிக். மயிர்க்கலங்கள் வேலை செய்கின்றன, நரம்பிலிருந்து ஒழுங்கான பதில் இல்லை.

‘அப்போ பிறந்தபோது தந்த தாள் பொய்யா?’ என்று தாய் கேட்டாள். நான் அதை மொழிபெயர்த்தேன். தாள் பொய்யில்லை, அது கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது, ஆனால் அந்தக் கேள்வி வெளி மயிர்க்கலத்தோடு முடிந்துவிட்டது என்றார் வைத்தியர்.

இந்த நிலைக்கு இத்தாலிய மொழியில் ‘நெயூரோபத்தியா ஊதித்தீவா’ என்று பெயர். ஆர்னல்ட் ஸ்டார் என்ற அமெரிக்க நரம்பியலாளரும் கூட்டாளிகளும் 1996இல் 10 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார்கள். குறைமாதப் பிறப்பு, கடும் செங்கமாரி, பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஆகியவை முக்கியமான காரணங்கள். சில பிள்ளைகளுக்குப் பரம்பரைக் காரணம் இருக்கும். எங்கள் குடும்பங்களில் மச்சான் மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் வழக்கம் இருப்பதால், இதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. அவர்கள் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை.

அலை இல்லை என்றால் பிள்ளை முழுச் செவிடு என்று அர்த்தமா? இல்லை. கோயில் பஜனையில் எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டினால் வீதிவரை கேட்கும். அதே ஆட்கள் ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் வெறும் சலசலப்புத்தான். மின்பரிசோதனை ஒரே தாளத்தில் தட்டுவதை மட்டும் பிடிக்கும். தாளம் தப்பினால் நரம்பு வேலை செய்தும் அலை தெரியாது. ஆகவே இந்தக் குறைபாட்டில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்று இந்த ஒரு பரிசோதனையால் சொல்ல முடியாது. விளையாட்டுக் காட்டிக் கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம் எல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இன்னும் கிட்டப்போய்க் கேட்கும் பரிசோதனையும் உண்டு. அதன் பெயர் ‘எலெத்ரொகொக்லெயோக்ராஃபியா’. செவிப்பறையின் மேலோ, அதனூடாக ஒரு மெல்லிய ஊசியை விட்டு நத்தைச்சுருளின் சுவரிலோ மின்வாயை வைப்பது. சிறு பிள்ளைகளுக்கு ஊசி முறையை மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். மயிர்க்கலத்தின் பதிலும் நரம்பின் பதிலும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும். இத்தாலியில் இதற்குப் பேர்பெற்ற இடம் பாதுவா. ரோசமரியா சந்தரெல்லி, எதோவார்தோ அர்ஸ்லான் ஆகியோர் நரம்புக் குறைபாட்டில் இந்தப் பரிசோதனை காட்டுவதை 2002இல் விரிவாக எழுதினார்கள். ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவில் பிழையுள்ள பிள்ளைகளையும் சந்தரெல்லியின் குழு இந்த முறையால் ஆராய்ந்து 2009இல் எழுதியது.

அந்த மரபணுவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள் மயிர்க்கலம் நரம்புக்கு இரசாயனச் செய்தி அனுப்புவதற்கு ஓட்டோஃபெர்லின் தேவை. அது இல்லாவிட்டால் மயிர்க்கலமும் இருக்கும், நரம்பும் இருக்கும், நடுவில் கடிதம் மட்டும் போகாது. நரம்பு நன்றாக இருப்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு உட்காதில் பொருத்தும் கருவி, அதாவது ‘இம்பியாந்தோ கொக்லெயாரே’, நன்றாக உதவுகிறது. 2024 ஜனவரியில் சீனாவின் ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் இந்த மரபணுவைக் காதுக்குள் செலுத்திய சிகிச்சையின் முடிவை ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 6 பிள்ளைகளில் 5 பேருக்குக் கேட்டல் முன்னேறியது. முன்னேற்றத்தை அளந்தது நாங்கள் பார்த்த அதே மின்னலைகளால். இது அந்த ஒரு மரபணுவுக்கான சிகிச்சை, எல்லாக் காது கேளாமைக்கும் பொருந்தாது. ஆனால் பிறந்தவுடன் எதிரொலிப் பரிசோதனையில் ‘பாஸ்’ ஆகித் தப்பிப் போகக்கூடியவர்களும் இந்தப் பிள்ளைகள்தான். வகை தெரிந்தால்தான் வழி திறக்கும்.

இது கைக்குழந்தைகளுக்கு மட்டும் வருவதுமில்லை. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உட்காது அல்லது நரம்புக் குறைபாடு உள்ளவர்களில் 183 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்த வகை காணப்பட்டது. அங்கே பதின்ம வயதில் தொடங்குகிறவர்கள் பலர். ‘ரீச்சர் சொல்லுறது கேட்குது, விளங்குதில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால், கவனமில்லாத பிள்ளை என்று ஏசிவிட்டு விடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தலைசுற்று, காதில் இரைச்சல், காது அடைத்த உணர்வு, வந்து வந்து போகும் கேளாமை என்று வந்தால் அது 1861இல் மெனியர் விவரித்த நோயாக இருக்கலாம். உட்காதின் திரவம் பெருகுவதோடு அது தொடர்புடையது. அங்கேயும் உட்காது மின்பரிசோதனை துணைக்கு வரும், ஆனால் நோயை முடிவுசெய்வது முக்கியமாக அறிகுறிகளை வைத்துத்தான். ஒரு காதில் மட்டும் கேட்டல் குறைந்து இரைச்சலும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

பரிசோதனைக்குப் போகும் தாய்மாருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அன்றைக்குப் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், நெற்றியில் மைப்பொட்டும் வேண்டாம். மின்வாய் ஒட்டாது. வீட்டிலிருந்து வரும் வழியில் பிள்ளையை நித்திரையாக விடாதீர்கள். அங்கே போய்ப் பாலைக் கொடுத்து உறங்கவையுங்கள். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் சாப்பாடு, பால் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். முடிவைத் தரும்போது அலைகள் வரைந்த தாளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நாளைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ இலண்டனுக்கோ போனாலும் அங்குள்ள வைத்தியர் அதை வாசிப்பார். அலைக்கு மொழி கிடையாது.

கடைசியாக, உங்கள் பிள்ளைகள் வைத்தியரான பெதியாத்ராவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிறந்தபோது பிள்ளைக்குச் செய்தது எதிரொலிப் பரிசோதனை மட்டுமா, அ-பி-எர்ரேயும் செய்தார்களா? பிள்ளை குறைமாதமாகவோ, கடும் செங்கமாரியோடோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்தோ வந்திருந்தால், இப்போதாவது அ-பி-எர்ரே செய்ய முடியுமா? அலை இல்லை என்று வந்தால், மைக்ரோபோனிக் இருக்கிறதா என்று பார்த்தார்களா? 2007லேயே அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு எதிரொலிப் பரிசோதனை மட்டும் போதாது, மின்பரிசோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே குழு, 1 மாதத்துக்குள் முதற்பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையைக் கண்டறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்ற கணக்கையும் சொன்னது.

நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கு, படத்தில் நரம்பு இருப்பது தெரிந்தது. காதுக் கருவியைச் சில மாதம் போட்டுப் பார்த்தார்கள், பலன் குறைவு. பிறகு உட்காதுக் கருவி பொருத்தினார்கள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான், சில சொற்கள் வருகின்றன, பேச்சுப் பயிற்சி நடக்கிறது. வீட்டில் தமிழிலேயே கதைக்கும்படி பயிற்சி கொடுப்பவரே சொல்லியிருக்கிறார். தாய்க்கு நன்றாக வருகிற மொழியில்தான் பிள்ளைக்குச் சொல் நிறையக் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். போன இரண்டு வருடத்தை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இந்த உரையைக் கேட்கிற யாராவது ஒருவருடைய வீட்டில் அந்த இரண்டு வருடம் மிச்சமானால் எனக்குப் போதும்.

சந்தேகம் உள்ளவர்கள் வானொலிக்கு எழுதுங்கள். மொழி தெரியவில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழில் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று வைத்தியசாலையில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.